சிவப்புப் புள்ளி அணையும்வரை

எங்கள் குடியிருப்பில் ஒரு சட்டம் உண்டு. வெளியாட்கள் தனியாக லிஃப்டில் ஏறக் கூடாது. தண்ணீர் கேன் போடுகிறவரானாலும் சிலிண்டர் தூக்கி வருகிறவரானாலும் படிக்கட்டுதான். லிஃப்டில் வந்தே ஆக வேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து, கூடவே நின்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். சங்கச் செயலாளர் பார்த்தசாரதி சார் ஆயுள் முழுக்கப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே வெளியாள் உள்ளே வந்தால் ஒரு ஊழியர் கூடவே நடக்க வேண்டுமாம். பீரங்கி செய்கிற இடத்துச் சட்டத்தை அப்படியே எடுத்துவந்து கோவில்பதாகை என்கிற எங்கள் ஊரில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் தலையில் கட்டிவிட்டார். இதைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகவே சொல்லியிருப்பேன்.

அன்று காலை கஜபதி அண்ணன் கீழேயிருந்து போன் செய்தார். எங்கள் தெருவுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

"அக்கா, வாட்ச்மேன் லிஃப்ட்ல வுட மாட்றான். ரெண்டு கேனு கீது. வந்து இட்டுகினு போறியா?"

அன்று நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் கார்த்திகேசன் காலை ஷிஃப்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டார். இரண்டு வயது அம்மு ஹாலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குக்கரில் பருப்பு, தீயைக் குறைத்து வைத்திருந்தேன். மாதாந்திர மின்தடை பத்து மணிக்கு மேல்தான் என்று வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். அதற்குள் ஏறட்டும் என்று போனைச் சார்ஜில் போட்டேன். போய் வர எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது? சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

கீழே கஜபதி அண்ணன் இரண்டு கேன்களையும் லிஃப்டுக்குள் உருட்டிவிட்டார். வாட்ச்மேன் வரதன் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி, எல்லாம் முறைப்படி நடக்கிறது என்பதுபோல் தலையாட்டிவிட்டு, பக்கத்து மனையில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுவதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டான். நான் நாலாம் மாடிப் பட்டனை அழுத்தினேன்.

இரண்டைத் தாண்டியது. மூன்று வருவதற்குள் ஒரு குலுக்கு. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, லிஃப்டும் நின்றது.

"இன்னாக்கா, நின்னுபூட்ச்சு?"

"கரண்டு போயிடுச்சுண்ணா. பத்து மணின்னாங்க, முன்னாடியே புடுங்கிட்டானுங்க."

மின்தடை வந்தால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிட ஒரு பேட்டரி இருக்க வேண்டும். இருந்தது. அது செத்துப்போய் ஒரு வருஷமாகிறது, மாற்றுவதற்குச் சங்கத்தில் மூன்று கூட்டம் போட்டாயிற்று. கஜபதி அண்ணன் தன் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. எங்கள் லிஃப்டுக்குள் சிக்னல் வராது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்; லிஃப்டில் ஏறும்போது எல்லோரும் "வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவோம்.

மின்தடை என்றால் மதியம் இரண்டு மணிவரை. அதுவரை அடுப்பு எரியும். அதுவரை அம்மு தூங்க மாட்டாள். இந்த இரண்டும் ஒன்றாக மனசில் வந்தன.

ஆனால் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. சுவரில் இடுப்புயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நடுவில் மஞ்சள் பட்டன், 'அவசர உதவிக்கு அழுத்தவும்' என்ற எழுத்து. அந்தப் பெட்டி எங்கள் கம்பெனியுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனி. பட்டனை அழுத்தினால் மொட்டைமாடியில் இருக்கிற இன்னொரு பெட்டி வழியாகப் போன் போகும், பேசலாம். தனி பேட்டரி. சோதனைக்காக முதல் பெட்டியை எங்கள் வீட்டு லிஃப்டிலேயே மாட்டலாம் என்று சொன்னது நான்தான்.

"கவலைப்படாதீங்கண்ணா. இது நாங்க செஞ்ச பொட்டிதான்" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினேன்.

பீப் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். பிறகு வேகமாக, மெதுவாக, கட்டைவிரலால், உள்ளங்கையால், அழுத்திப் பிடித்தபடி. பெட்டியின் மூலையில் கடுகளவு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்கு உயிர் இருக்கிறது, காது இல்லை.

"ஒர்க் ஆவலியா?" என்றார் கஜபதி அண்ணன். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

"ஆகும்."

"எனக்கு மூட்ன எடம்னா ஆவாதுக்கா. நெஞ்ச அடைக்கிது." சொல்லிக்கொண்டே கதவை இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். "யோவ் வாட்ச்மேன்! யாராவது கீறீங்களாய்யா! யோவ்!" நானும் சேர்ந்து தட்டினேன், பாப்பா வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று கத்தினேன். வெட்கமெல்லாம் போய்விட்டது. வெளியே போர் லாரியின் சத்தம் கட்டடத்தையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. அது டீசலில் ஓடுவது, அதற்கு மின்தடை கிடையாது. அந்த இரைச்சலில் எங்கள் சத்தம் எங்கள் காதுக்கே ஒழுங்காகக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கட்டடத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். மீதிப் பேர் இந்த இரைச்சலுக்காகவே ஜன்னலை அடைத்திருப்பார்கள்.

தொண்டை வறண்டு நிறுத்தியபோதுதான் அந்தச் சிவப்புப் புள்ளியை ஒழுங்காகப் பார்த்தேன். அதை வைத்தது நான். அது ஏன் எரிகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததும் வந்த கோபத்தில் ஜெகதீஷ் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஜெகதீஷ் எங்கள் மேனேஜர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

விஷயம் இதுதான். பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. தன்னோடு என்னென்ன இணைந்திருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாம் எழுதிக் கொடுக்க வேண்டும்: இங்கே பட்டன் இருக்கிறது, இங்கே அதிர்வு சென்சார் இருக்கிறது, இவை உன்னைக் கூப்பிட வேண்டுமானால் இந்தக் கம்பி வழியாகக் கூப்பிடும். அப்படி எழுதும் கோப்புக்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. கூப்பிடுவதற்குப் பெயர் இன்டரப்ட். அதில் ஒரே ஒரு சொல் மிக முக்கியம்: எப்படிக் கூப்பிடும்? இரண்டு வகை உண்டு. ஒன்று எட்ஜ். கம்பியில் மின்சாரம் மேலிருந்து கீழே விழுகிற அந்த நொடியை மட்டும் கவனி, அப்புறம் திரும்பிப் பார்க்காதே. இன்னொன்று லெவல். கம்பியில் மின்சாரம் தாழ்ந்திருக்கிறவரை யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், விடாதே. எட்ஜ் என்பது அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியதை மட்டும் கேட்கிற ஆள். லெவல் என்பது மணியிலிருந்து விரலை எடுக்கிறவரை வந்து வந்து பார்க்கிற ஆள்.

காசை மிச்சம் பிடிக்க எங்கள் சர்க்யூட் போர்டில் பட்டனுக்கும் அதிர்வு சென்சாருக்கும் சேர்த்து ஒரே கம்பி. லிஃப்ட் ஆடுகிறவரை அதிர்வு சென்சார் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே கீழே கிடக்கிற கம்பியைப் பட்டனும் இழுத்தால் அது புதிதாக எங்கே விழும்? ஆகவே நான் லெவல் என்று எழுதினேன். சோதனையில் பெட்டியைக் குலுக்கியபோது கம்ப்யூட்டர் ஓயாமல் திரும்பித் திரும்பிப் பார்த்து, வேறு எந்த வேலையும் செய்ய முடியாமல் உறைந்துவிட்டது. அது உண்மைதான். சென்சார் ஒரு தடவை சொன்னதும் கம்பியை விட்டுவிடும்படி அதன் பக்கத்தைத் திருத்தினால் சரியாகிவிடும், கொஞ்ச நாள் கொடுங்கள் என்றேன். ஜெகதீஷுக்குப் பெட்டி அந்த வாரமே போக வேண்டும். சென்சாரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிற பைண்டிங் ஆவணத்தைத் திறந்து அதிலிருந்த உதாரணத்தைக் காட்டினார். "டாகுமென்ட்லயே எட்ஜ்னுதானே போட்டிருக்கு?" அந்த உதாரணம் தனிக் கம்பியில் தனியாக இருக்கிற சென்சாருக்கு. இதைச் சொன்னேன். "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்று சொல்லி அந்த வரியை அப்படியே காப்பி அடித்து என் வரியின் மேல் ஒட்டிவிட்டார். பெட்டி உறையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கம்பி தாழ்ந்திருக்கும்போது எரியட்டும் என்று சோதனைக்காக நான் வைத்த விளக்குதான் அந்தச் சிவப்புப் புள்ளி. நாங்கள் தட்டத் தட்ட லிஃப்ட் ஆடியது. ஆட ஆடச் சென்சார் கம்பியை இழுத்துப் பிடித்தது. உதவி கேட்டு நாங்கள் போட்ட ஆட்டமே பட்டனின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, தட்டாதீங்க."

"இன்னாது?"

"தட்டாதீங்க, கத்தாதீங்க, அசையக்கூட அசையாதீங்க. இந்தச் செவப்பு லைட்டு அணையணும். அணைஞ்சப்புறம் பட்டனை அழுத்தினாத்தான் அது கேக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றே சொன்னது. "மாட்டிகினு கீறோம், கம்முனு நில்லுன்றே?"

"ஆமா. கம்முனு நிக்கணும்."

"உன் ஊட்ல கொயந்த ஒண்டியா கீதுன்னு சொன்னியேக்கா."

"அதனாலதாண்ணா சொல்றேன்." என் குரல் உடைந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவர் அடங்கினார், நான் சொன்ன காரணம் புரிந்து இல்லை. ஒரு கேன் மேல் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்தேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

புள்ளி அணையவில்லை.

நாங்கள் அசையவில்லை, ஆனால் கட்டடம் அசைந்துகொண்டிருந்தது. அவர் உட்காராத கேனின் கழுத்தில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்ததைப் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். போர் லாரி. பாறையில் இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. குலுக்கல் கண்ணுக்குத் தெரியும்படி பதிவாக வேண்டும், வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று சென்சாரின் உணர்வைக் கூட்டி வைத்ததும் ஜெகதீஷ்தான். தும்மினால்கூடக் கேட்கும் சென்சார், பட்டனுக்குத்தான் செவிடு.

"அண்ணா, இந்தப் போர் எப்ப நிறுத்துவாங்க?"

"அவன் எங்க நிறுத்தப் போறான். சாயந்தரம் வரைக்கும் ஓட்டுவான்." கொஞ்சம் யோசித்து, "பைப்பு மாத்தசொல்ல நிப்பாட்டுவான். ஒரு ராடு உள்ள போச்சுன்னா அடுத்த ராடு சொருகணும் இல்ல? அப்ப கொஞ்ச நேரம் கம்முனு கீது" என்றார்.

இது எனக்கும் தெரியும். இரண்டு நாளாக அந்த இரைச்சலுக்கிடையில்தான் மீட்டிங்குகளில் பேசிக்கொண்டிருந்தேன். நின்றதும் கடகடவென்று பேசி முடிப்பேன். பதற்றத்தில் மறந்துவிட்டது.

காத்திருந்தோம். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பருப்பில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் ஊற்றியிருந்தேன். கெட்டியாக இருக்கட்டும் என்று. எத்தனை நேரம் தாங்கும்? அம்மு எழுந்தால் முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். 'அம்மா' இல்லை, 'அகல்'. அவள் அப்பாவிடமிருந்து கற்றது. நான் வரவில்லையென்றால் சமையலறைக்குத்தான் போவாள். அங்கேதான் நான் எப்போதும் இருப்பேன் என்று அந்தப் பிஞ்சுக்கு ஒரு கணக்கு. அடுப்புத் திருகை எட்டுவதற்கு அவளுக்கு ஒரு முக்காலி போதும். முக்காலி அங்கேயே இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

இரைச்சல் நின்றது.

அப்படி ஒரு அமைதி. எங்கோ சங்கிலி உராய்கிற சத்தமும் யாரோ "ஏத்து, ஏத்து" என்பதும் கேட்டது. கேன் தண்ணீர் மெல்ல அடங்கியது. சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்தது. கடைசிக் குலுக்கல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் விரலைப் பட்டனுக்கு அருகில் கொண்டுபோனேன்.

அப்போதுதான் மேலிருந்து கேட்டது.

"அகல்! அகல்! அகல்!"

இடையிடையே வீறிட்ட அழுகை. கதவைத் தட்டுகிற சின்னக் கையின் சத்தமும் கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியாது. என்னை நான் மறந்துவிட்டேன். "அம்மு! அம்மா இங்க இருக்கேண்டா! அம்மு!" என்று கதவில் மோதினேன். உதைத்தேன். கதவு இடுக்கில் நகத்தைவிட்டு இழுத்தேன். பிறகு பட்டனைக் குத்தினேன், குத்திக்கொண்டே இருந்தேன். கஜபதி அண்ணன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்.

போர் மறுபடி இரையத் தொடங்கியது. அம்முவின் குரல் அதற்குள் மூழ்கிவிட்டது. சிவப்புப் புள்ளி அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு அவ்வளவு விளக்கிச் சொன்ன நான்தான் அந்த இடைவெளியைப் பாழாக்கினேன். அவர் அசையவே இல்லை. நெஞ்சை அடைக்கிறது என்றவர் சிலைபோல இருந்தார்.

"அழுவாதக்கா. கொயந்த அழுவுதுன்னா நல்லா கீதுன்னு அர்த்தம்."

"அடுத்த தடவை எவ்வளவு நேரமாகும்?"

"பாறைல போறான். லேட்டாவும்."

சொன்ன மாதிரியே லேட்டானது. அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு சதுரம், இரண்டு கேன், கையளவு காற்று. தெரிந்தே சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று அன்று தெரிந்தது. ஒரு கட்டத்தில் லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. பருப்பு தீயும் வாசனையா, டீசலா என்று மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கஜபதி அண்ணனும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணா, என்னை நம்ப முடியாது" என்றேன். "அடுத்த தடவை நீங்க அழுத்துங்க. இந்தப் புள்ளி அணைஞ்சப்புறம், மெதுவா, ஒரே தடவை. நான் மறுபடி அசைஞ்சேன்னா என்னைப் புடிச்சுக்கங்க."

அவர் தயங்கினார். "உன்ன எப்டிக்கா புடிக்கிறது…"

"கையைப் புடிங்கண்ணா. பரவாயில்ல."

அவர் எழுந்து பெட்டிக்கு அருகில் வந்து நின்றார். இடது கையால் என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கேன் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அவருக்கும் பயம்தான்.

இரைச்சல் நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மு கூப்பிடுவாள், கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகை இல்லை, 'அகல்' இல்லை. குக்கர் விசிலும் இல்லை. அவள் கூப்பிட்டதைவிட அந்த அமைதி என்னைக் கொன்றது. என் கைகள் அவர் பிடியை உதறப் பார்த்தன. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அணைஞ்சிட்ச்சு" என்றார் மிக மெதுவாக.

பீப்.

அந்தச் சத்தத்துக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது. 'உங்கள் அழைப்பு இணைக்கப்படுகிறது' என்று நாங்கள் பதிவு செய்த பெண் குரல் நிதானமாகச் சொன்னது. சோதனைக் காலத்தில் அழைப்பெல்லாம் ஜெகதீஷின் போனுக்குத்தான் போகும்.

"ஹலோ, அகல்யாவா? டெஸ்ட்டா? சொல்லிட்டுப் பண்ணக் கூடாதா, பூந்தமல்லில கஸ்டமரோட இருக்கேன்."

"ஜெகதீஷ், கட் பண்ணாதீங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். பாப்பா வீட்ல தனியா இருக்கா, அடுப்பு எரியுது. வரதனுக்குப் போன் பண்ணுங்க, வாட்ச்மேன் வரதன். கட் பண்ணாதீங்க."

அவர் கட் செய்யவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். பெட்டி மாட்டிய நாளில் வாங்கி வைத்திருந்த எண்ணுக்கு, பக்கத்திலிருந்தவர் போனிலிருந்து வரதனைக் கூப்பிட்டார். வரதன் போர்க் குழியருகிலிருந்து ஓடிவந்து, மொட்டைமாடிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மூன்றாம் மாடிக்கு ஏற்றி, பிறகு இறங்கி வந்து கதவைத் திறந்தான். திறந்ததும் தீய்ந்த வாசனை முகத்தில் அடித்தது.

"நீ ஓடுக்கா. கேன நான் எடுத்தாறேன்" என்றார் கஜபதி அண்ணன்.

படியில் விழுந்து எழுந்து ஓடினேன். கதவிடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. சாவியைத் தலைகீழாகச் செருகி, மறுபடி திருப்பிச் செருகினேன். திறந்து தள்ளினால் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பின்னால் ஏதோ மெத்தென்று தடுத்தது.

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு உடம்பைக் குறுக்கி, கதவை நகர்த்தாமல் உள்ளே நுழைந்தேன்.

அம்மு கதவடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் ஒற்றைச் செருப்பு. முகமெல்லாம் சளியும் கண்ணீரும். என்னைப் பார்த்ததும் வாயைப் பெரிதாகத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு நடுங்கியது, கண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டை கட்டிப்போய், காற்று மட்டும் வந்தது.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி அடுப்பை அணைத்தேன். குக்கரின் பாதுகாப்பு வால்வு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பருப்பு கரியாகி, அடி சிவந்திருந்தது. முக்காலி இருந்த இடத்தில் இல்லை. அடுப்பு மேடைக்கு அருகே இழுத்துக்கொண்டுவந்து பாதியில் விடப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் குழந்தையை எவ்வளவு இறுக்கினேனோ, அவள் திமிறினாள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டுச் சரசா அக்கா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அகல்யா, ஒரே புகையா இருக்கு?"

"அக்கா, பாப்பா அழுதது கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சே. அழ ஆரம்பிச்ச உடனே என்னமோன்னு வாசல் வரைக்கும் வந்தேன். அப்புறம் அது பாட்டுக்கு அழுதுகிட்டே இருந்துச்சா, நீ உள்ளதானே இருக்கே, அடம் புடிக்குதுன்னு நெனச்சுட்டேன். பிறகு சத்தமே காணோம். சரி, சமாதானமாயிருச்சுன்னு…"

அவர் முகம் மாறியது. "நீ உள்ள இல்லையா?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. நல்ல மனுஷி. அம்முவுக்குக் கொழுக்கட்டை செய்துகொண்டு வருகிறவர். ஆரம்பித்ததற்கு வாசல்வரை வந்தார், தொடர்ந்ததற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

போன் சார்ஜரிலேயே அடித்துக்கொண்டிருந்தது. ஜெகதீஷ்.

"வந்துட்டியா? பாப்பா நல்லாருக்காளா?"

"இருக்கா."

"அப்பாடா. பயந்தே போயிட்டேன் அகல்யா." உண்மையாகவே பயந்திருந்தார், குரலில் தெரிந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு பாத்தியா? பொட்டி வேலை செஞ்சிடுச்சு. சர்வர்ல பாத்தேன். ஒரே ஒரு அலாரம்தான் வந்திருக்கு, உடனே எடுத்துட்டோம். கஸ்டமர் கண்ணு முன்னாடியே நடந்துச்சு, அசந்துட்டாரு. எட்ஜ்தான் கரெக்ட்னு நான் சொன்னேன்ல?"

அவருக்கு எவ்வளவோ சொல்லலாம். நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று சொல்லலாம். அந்தச் சர்வரில் இல்லாத அழைப்புகளையெல்லாம் சொல்லலாம். அம்மு என் தோளில் முகத்தைப் புதைத்து, உடம்பு முழுக்கக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். நான் போனை அவள் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

"இது கேக்குதா ஜெகதீஷ்?"

அவர் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையே அகல்யா. லைன்ல இருக்கியா?"

நான் போனை அவள் வாயருகிலிருந்து எடுக்கவில்லை. அம்மு இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.